கொரியாக்காரனுக்கு ஓர் அர்ச்சனை

ஜெலாப்பாங் போகும் காலைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில், தொழிற்சாலைச் சீருடையில் இரண்டு நடுவயதுப் பெண்கள். இளையவர் சொன்னார்:

“நேத்து கோயில்ல அந்தக் கொரியா நாடகத்துப் பையன் பேருக்கு அர்ச்சனை பண்ணேன்க்கா.”

நான் காதிலிருந்த பாட்டை நிறுத்தினேன்.

“உனக்கு என்ன கிலாவா, பைத்தியமா? ஐயர் நட்சத்திரம் கேட்டிருப்பாரே?”

“எங்க வீட்டுக்காரர் நட்சத்திரத்தச் சொல்லிட்டேன்.”

“அவன் நமக்கு என்ன செஞ்சான்?”

“எங்க மக சீனப் பையனக் கட்டிக்கிட்டதுலேருந்து இவரு அவகிட்ட பேசறதே இல்லலா. போன வாரம் நாடகத்துல பொண்ணோட அப்பா கதவத் திறக்கல. அந்தப் பையன் மழையில நின்னுக்கிட்டே இருந்தான். இவரு டிவியப் பாத்துச் சத்தம் போடறாரு, ‘கதவத் திறய்யா, பாவம், புள்ள நனையுது’ன்னு. விடிஞ்சதும் அவரே மகளுக்கு போன் போட்டாருக்கா.”

மூத்தவர் கைகளைக் கூப்பினார்.

“அந்தப் பையன் நல்லா இருக்கட்டும். கடைசியில அதுங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?”

“தெரியலக்கா. கடைசி எபிசோட் இன்னும் பாக்கல. ஞாயித்துக்கிழம மாப்பிள்ளையும் வரட்டும், எல்லாரும் சேர்ந்து பாக்கலாம்னு நிறுத்தி வச்சிருக்காரு.”