ஒரு துண்டுகூட வீணாகவில்லை

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், அழைப்பிதழ் என்பது வெறும் காகிதம் அல்ல. அது கலையின் தலைவாசல். சோப்பு உறைகளுக்கு வடிவம் போட்டே தலை நரைத்தவன் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

என் மனைவி பீங்கான் கலைஞர். இது அவளுடைய முதல் கண்காட்சி. "அழைப்பிதழ் மட்டும் நீங்க பண்ணிக்குடுங்க, எனக்குக் கை ஒழியல" என்றாள். அவள் பெயர் நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதுங்கள்.

சூளையில் விரிசல் விட்ட கிண்ணம் ஒன்றை உடைத்து, கெட்டி அட்டையில் ஒரு சில்லை நூலால் கட்டினேன். கண்காட்சிக் கூடத்தின் நிர்வாகி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "அழைப்பே இப்படின்னா, உள்ள இருக்கறதை யார் சார் பாக்கப்போறா?" என்றார். அதுவரை யாரும் என்னை சார் போட்டுக் கூப்பிட்டதில்லை.

விரிசல் கிண்ணம் தீர்ந்தது, விருந்தினர் தீரவில்லை. மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். நல்ல கிண்ணம் ஒன்றை எடுத்தேன். ஒன்று குறைந்தால் தெரியவா போகிறது. பிறகு தட்டுகள். ஆனால் அட்டைக்கு நீலம்தான் எடுப்பாக இருந்தது. நீலம் பெரிய ஜாடிகளில் மட்டும். அவற்றைப் போர்வையில் சுற்றிப் பதமாகத் தட்டினேன். நான் முரடன் அல்ல.

ஃபோனில் கேட்டாள்: "ஜாடியெல்லாம் பத்திரமா இருக்குல்ல? அந்த நீலம் எனக்கு மறுபடி வரவே இல்லைங்க."

"ஒரு துண்டுகூட வீணாப் போகாதும்மா."

திரும்பி வந்தவள் காலி அலமாரியைப் பார்த்தாள். அழவில்லை. தபாலில் போகாமல் மிச்சமிருந்த அழைப்பிதழ் உறைகளைப் பிரித்து, நூலை அறுத்து, சில்லுகளைத் தரையில் பரப்பிப் பொருத்த ஆரம்பித்தாள். விரல் கிழிந்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. "இதுக்குப் பக்கத்துத் துண்டு எங்கங்க? எங்க வச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தபால்ல போயிடுச்சும்மா" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

கண்காட்சிக்கு நல்ல கூட்டம். வெறும் பீடங்களைச் சுற்றிவந்த ஒருவர், துணிச்சலான முயற்சி என்று என் கையைக் குலுக்கினார். அவள் வரவில்லை. இப்போது பேசுவதும் இல்லை. தரையைவிட்டு எழுந்திருப்பதும் இல்லை.

அவள் தங்கை புகார் கொடுத்தால் கொடுக்கட்டும், எல்லாம் அவளுக்காகத்தான் ஐயா. உங்கள் மேசைமேல் இருக்கும் அழைப்பிதழையே பாருங்கள். வடிவமைப்பு என்று கீழே என் பெயர் இருக்கிறது.

அவள் பெயருக்கு இடம் போதவில்லை.