இரண்டு டிரம்மையும் கழற்றிய நாள்

முன் சக்கரத்துக்குக் கிடைக்கிற மரியாதை பின் சக்கரத்துக்குக் கிடைப்பதில்லை, ஐயா. வண்டியைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் எல்லாரும் முன் பிரேக்கைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். பின்னால் பிரேக் டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவரை நான் கண்டதில்லை. எனக்கு அந்தப் பின்பக்கம்தான் பிடிக்கும். பழைய பிக்கப் வண்டி, பின் பிரேக் தகராறு என்றால் மற்றப் பட்டறைக்காரர்கள்கூட என்னிடம்தான் அனுப்புவார்கள்.

நீங்கள் நல்ல மனிதர், இன்ஸ்பெக்டர் ஐயா. என் தங்கை புருஷனின் வண்டியைப் மலைப்பாதைப் பள்ளத்திலிருந்து தூக்கிக் கழற்றிப் பார்த்த போக்குவரத்து அதிகாரி, "இடது வலது மாறிப்போச்சு சார். எல்லாப் பட்டறையிலயும் நடக்கிறதுதான்" என்று உங்களிடம் சொன்னார். நீங்களும் கவனக்குறைவு என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்கிறீர்கள். அந்த அதிகாரி சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதில் நான் கையெழுத்துப் போட முடியாது.

புரிகிற மாதிரி சொல்கிறேன். சக்கரத்தோடு சுற்றுகிற வட்ட டிரம்முக்குள் பிறை வடிவத்தில் இரண்டு தகடுகள் இருக்கும், ஷூ என்போம். பெடலை மிதித்தால் அவை விரிந்து டிரம்மின் உள்சுவரைக் கவ்விப் பிடிக்கும். தேயத் தேய இடைவெளி கூடும். அதைச் சரிக்கட்ட, பல் வைத்த ஒரு திருகு உண்டு. ரிவர்ஸ் எடுத்து பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அது துளித்துளியாகத் திரும்பி நீளும். ஷூ தானாக டிரம்முக்குக் கிட்டே வரும். இடப்பக்கத் திருகும் வலப்பக்கத் திருகும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் மரை சுற்றுகிற திசை எதிரெதிர். மாற்றி மாட்டினால், கிட்டே வரவேண்டிய ஷூ ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் விலகிப்போகும்.

அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு டிரம்மைத்தான் கழற்றுவேன். ஒரு பக்கத்தை முடித்து மூடிய பிறகுதான் மறுபக்கம் போவேன். தலைமேல் நின்று அவசரப்படுத்துகிறவர்களிடம், இரண்டையும் ஒன்றாகக் கழற்றுகிற பட்டறைக்குப் போங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இடது வலது தெரியாமல் மாட்டினான் என்றால் யார் நம்புவார்கள்?

மாப்பிள்ளை மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. தங்கமான ஆள். அம்மா போனபோது என் தங்கைக்குப் பால் பல் விழுகிற வயது. தலை வாரிவிட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் நான்தான். எனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளத் தோன்றவில்லை. அவளுக்கு வரன் பார்த்தபோது, சொந்தபந்தம் இல்லாத, எங்களோடு இருக்கச் சம்மதிக்கிற ஆளாகப் பார்த்துப் பிடித்தேன். பட்டறைக்கு மேலே இருந்த அறைகளை ஒழித்துக் கொடுத்தேன். கீழே நான் வேலை செய்துகொண்டே, மேலே அவள் யாரோடாவது பேசிச் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது போதும்.

மாப்பிள்ளை கடைகளுக்குக் கட்டில், பீரோ ஏற்றிப்போகிற தொழில். வாய் ஓயாமல் கிண்டல் செய்வார். எங்கள் மச்சானுக்கு டிரம்முக்குள்தான் குடித்தனம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நானும் சிரிப்பேன்.

போன மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது, மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் சொந்தமாகக் கடை போடப் போவதாகவும், இருவரும் அங்கேயே குடிபோவதாகவும் சொன்னார். தங்கை தட்டை விட்டுத் தலை நிமிரவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். நல்லபடியாகப் போய் வாருங்கள் என்றேன். மலை இறக்கம் இருக்கிறதே, பின் பிரேக்கை நானே பார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

மறுநாள் இரண்டு டிரம்மையும் சேர்த்துக் கழற்றினேன். இடது திருகை வலப்பக்கமும் வலது திருகை இடப்பக்கமும் மாட்டினேன். புது ஷூ போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசுகிற அளவுக்கு முடுக்கி வைத்தேன். அன்றைக்கு அந்த பிரேக்கில் எவனாலும் ஒரு குறை கண்டுபிடித்திருக்க முடியாது. மீதியை மாப்பிள்ளைதான் செய்தார். கடைக்குக் கடை ரிவர்ஸ் எடுப்பதுதானே அவர் பிழைப்பு.

அது பழைய வண்டி, நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். பின்னால் இடைவெளி கூடினால் பெடல் அடிவரைக்கும் இறங்கும், முன் பிரேக்கும் பிடிக்காது. குடிபோகும் நாள் நெருங்கியபோது அவரே வந்து கேட்டார்.

"மச்சான், பெடல் கொஞ்சம் கீழ போற மாதிரி இருக்கு."

"புது ஷூ, செட்டாகணும்ல. ரிவர்ஸ்ல நாலஞ்சு தடவை நல்லா அழுத்தி பிரேக் போடுங்க மாப்ள. தானா டைட்டாயிடும்."

எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். பட்டறை வாசலிலேயே அவர் முன்னும் பின்னும் போய்ப் போய் பிரேக் போட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சும்மா ஒரு பயம் காட்டத்தான் நினைத்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. பாரம் ஏற்றிய வண்டிக்கு இறக்கத்தில் பிரேக் இல்லாமல் போனால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா?

தங்கை பஸ்ஸில் போவதாகத்தான் பேச்சு. சாமான் எல்லாம் ஏற்றி முடித்த பிறகு மனசு மாறி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்துக் கதவுக்கு ஓடினேன். பஸ்ஸிலேயே போயேன் என்று வாயெடுத்தேன்.

"நீங்க பார்த்த பிரேக்குண்ணே. எனக்கென்ன பயம்?" என்றாள்.

அதற்கு மேல் எப்படிச் சொல்வது? வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள். என் வேலைமேல் அவளுக்கு ஒரு சந்தேகம் விழுந்துவிடும். கதவைச் சாத்தி, சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தேன்.

மாப்பிள்ளை அந்தப் பள்ளத்திலேயே உயிரை விட்டுவிட்டார். இவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அந்த நிலைமையிலும் உங்களிடம், அவர் வேகமாக ஓட்டியிருப்பார், என் அண்ணன் வேலையில் தப்பு வராது என்றுதான் சொல்லியிருக்கிறாள். கேட்டதும் அழுதுவிட்டேன்.

நீங்கள் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாம். நான் ஆசைப்பட்டதும் அதுதான். ஆனால் நாளைக்கு யாராவது அவளிடம் போய், உன் அண்ணன் அஜாக்கிரதையாக மாற்றி மாட்டிவிட்டான் என்று சொல்வார்களே. அதை அவள் எப்படித் தாங்குவாள்?

நீங்களே அவளிடம் நேரில் சொல்லிவிடுங்கள், ஐயா. அண்ணனுக்குக் கை தவறவில்லை, தெரிந்துதான் மாற்றி மாட்டினான் என்று சொல்லுங்கள். கேட்டால் அவளுக்கு மனசு ஆறும்.