எல்லைகாத்தார் வீட்டில் அந்தத் தண்ணியைக் குடிப்பதில்லை

ரொம்பக் காலத்துக்கு முன்னால, நம்ம வேலங்குறிச்சியில நாப்பது வீடுகூட இல்லையாம். அதுல பொய்யே தெரியாத ஆளு ஒருத்தர் இருந்தாராம். பெரியாண்டான்னு பேரு. நம்ம வீட்டுக்கு மொத ஆளு அவருதான். ஆடு மேய்ச்சுத் திரிஞ்சவரு. எந்தக் கல்லு எந்த ஊரோடதுன்னு அவரு காலுக்கே தெரியும்பாங்க.

நமக்கும் கெழக்க இருக்கிற ஆவரம்பட்டிக்கும் எல்லைத் தகராறு. வெட்டுக்குத்து வரைக்கும் போச்சாம். பாளையக்காரர் ஆள் அனுப்பினாராம்: "பொதுவா ஒருத்தன் நடக்கட்டும். அவன் கால் பட்ட எடம் எல்லை." ஆவரம்பட்டிக்காரங்களே சொன்னாங்களாம், "பெரியாண்டான் நடந்தா எங்களுக்குச் சம்மதம்."

எல்லை நடைன்னா சும்மா இல்ல. அய்யனார் முன்னால சத்தியம் பண்ணணும். ஈரமண்ணு நெறைஞ்ச பானையத் தலையில வச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நடக்கணும். எறக்கக்கூடாது. பேசக்கூடாது. பொய்யா நடந்தவன் எட்டு நாளைக்குள்ள செத்துருவான்னு நம்பிக்கை.

நடந்தாராம், நடந்தாராம், உச்சி வெயில் வரைக்கும் நடந்தாராம். கல்லு நட்டுக்கிட்டே பின்னால ரெண்டு ஊரும் வருது. ஒரு கெணத்துக்கிட்ட வந்ததும் காலு தள்ளாடுது. அது ஆவரம்பட்டி இருளாயி கெணறு. அவளும் புருசனும் வெட்டினது. புருசன் போயிட்டான். ரெண்டு பொட்டப்புள்ளைகள வச்சுக்கிட்டு அந்தக் கெணத்த நம்பித்தான் இருந்தாளாம்.

இருளாயி பார்த்தா. செம்புல தண்ணி மோந்துக்கிட்டு ஓடியாந்தா. தலையில பானை, அவரால அண்ணாந்து குடிக்க முடியாது. செம்ப அவரு வாயிலயே வச்சாளாம். "எச்சியானா ஆகட்டும் அண்ணே. வெளக்கிக்கிறேன். குடிங்க."

குடிச்சாரு. முழுச்செம்பும் குடிச்சாரு.

எல்லை கெணத்துக்கு மேக்க போகுது. அவருக்குத் தெரியும். மேக்க கால எடுத்தாரு. பின்னாலருந்து மச்சினன் சங்கிலி கிசுகிசுத்தானாம்: "மச்சான், கெழக்க வளைங்க. ஊரே தண்ணிக்குத் தவிக்குது. ஒங்க யோக்கியத்தக் காய்ச்சியா குடிக்கிறது?"

கெழக்க வளைஞ்சாரு. அறுபது எட்டு எடுத்து வச்சாரு. கெணறும் அத ஒட்டின நெலமும் நம்ம ஊருக்கு வந்துருச்சு.

இருளாயி கத்தலையாம், அழலையாம். "இன்னொரு செம்பு வேணுமா அண்ணே?"ன்னு மட்டும் கேட்டாளாம்.

எட்டு நாளாச்சு. அவருக்கு ஒரு தலைவலிகூட வரல. சாமியே ஒத்துக்கிட்டாருன்னு பாளையக்காரர் கூப்பிட்டு, 'எல்லைகாத்தார்'னு பட்டம் கட்டினாராம். அந்தக் கெணத்தையும் நெலத்தையுமே மானியமாக் குடுத்தாராம். உண்மையச் சொல்லத்தான் அவரு வாயத் தெறந்தாராம். அதுக்குள்ள பரிவட்டத்தச் சுத்திட்டாங்க. வாய மூடிக்கிட்டாராம்.

"அந்த அய்யனாராவது என்னக் கொன்னுருக்கலாமே"ன்னு பொண்டாட்டிகிட்டச் சொல்லுவாராம். சாகுற வரைக்கும் அந்தத் தண்ணியத் தொடல. இன்னைக்கும் நம்ம வீட்டுல யாரும் அதக் குடிக்கிறதில்ல.

நாளைக்கு நடக்கப்போறதும் அவரு போட்ட வழக்கந்தான். வருசாவருசம் எல்லைப் பூசைக்குப் பட்டம் உள்ளவரு மண்பானையோட அந்த அறுபது எட்டும் நடக்கணும். இருளாயி வம்சத்துல ஒரு பொம்பள செம்ப வாயில வச்சு, "குடிங்கண்ணே"ம்பா. குடிக்கக்கூடாது. தண்ணி தாடையில வழிஞ்சு நெஞ்சு நனையும். அப்படி மூணு தடவ. எல்லைக்கல்லு வளைஞ்சு போற அந்த எடத்துக்குச் 'செம்புவளைவு'ன்னு பேரு வந்தது அதனாலதான்.

நாளைக்கு எங்கண்ணன் நடப்பாரு. செம்பு வைக்கப்போறவ செல்லாயி. தெரியுமில்ல, நம்ம வயல்ல கூலிக்கு நாத்து நடுறாளே, அவதான்.

எங்கப்பா மொதமொதல்ல நடந்த வருசம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நனைஞ்ச நெஞ்சோட வீட்டுக்கு வந்தாரு. துண்டால தொடச்சாரு. எலை போட்டாங்க, உக்காந்து சாப்பிட்டாரு. அந்தக் கெணத்துத் தண்ணியில வெளைஞ்ச அரிசி. பக்கத்துல எனக்கும் போட்டாங்க. பசி, நானும் சாப்பிட்டேன்.