சிவப்புக் காரின் பம்பு

மெக்கானிக்கான எனக்குப் பழைய வண்டி என்றால் உயிர். என் தங்கை கணவருக்கும் அப்படித்தான். கணக்கு வாத்தியாரான அவர் ஆசை ஆசையாக ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டு பேர்தான் உட்காரலாம். இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் அதன் இன்ஜெக்‌ஷன் அடிக்கடி மக்கர் செய்தது, உதிரி பாகமும் கிடைக்கவில்லை. அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய மாதிரி கார்புரேட்டர் வைத்துத் தருகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

மூன்று வாரம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். இன்ஜெக்‌ஷன் பம்பு பெட்ரோலை வேகமாகத் தள்ளும். கார்புரேட்டர் அந்த அழுத்தத்தைத் தாங்காது, வழிந்து சூடான இன்ஜின்மேல் கொட்டும். பம்பையும் மாற்ற வேண்டும் என்பது தொழிலில் அரிச்சுவடி. தெருவில் ஓட்டிப் பார்த்தபோது லேசான பெட்ரோல் வாடைதான் வந்தது, நானும் விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை வண்டியை எடுக்க மகளோடு வந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை. பட்டறையில் என் ஆட்களும் இரண்டு வாடிக்கையாளர்களும் நின்றிருந்தார்கள்.

"மச்சான், தப்பா நினைக்காதீங்க. பழைய பம்பேதான் இருக்கா? கார்புரேட்டருக்கு அது ஆகாதுன்னு படிச்சேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னது சரி. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"மாப்ள, நீங்க கரும்பலகையைப் பாருங்க. பம்பெல்லாம் எப்பவோ மாத்தியாச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"அப்போ பாப்பாவோட ஒரு ரவுண்டு போய்ட்டு வரவா?"

வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். தாராளமாகப் போங்கள் என்றேன். பாப்பாவுக்கு நானே பெல்ட் மாட்டிவிட்டேன். திங்கட்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை வாங்கி, சத்தமில்லாமல் பம்பை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அரை மணி நேரத்தில் போன் செய்தார்.

"பெட்ரோல் வாடை வருது மச்சான். நானே பெட்ரோல் குழாயில ஒரு கிளாம்பை இறுக்கிட்டேன்."

"புது வேலைன்னா வாடை வரத்தான் செய்யும் மாப்ள."

அடுத்த சிக்னலில் வண்டி தீப்பிடித்தது. அவர் இரண்டு கையும் கருகிப் பிழைத்துக்கொண்டார். பாப்பா பிழைக்கவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் அவர் இறுக்கிய அந்தக் கிளாம்பைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எரிந்த இரும்பில் எந்தப் பம்பு என்று யாரும் தேடவில்லை. என் தங்கை அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. அவளுக்கு அண்ணன் வீடுதான் இப்போது ஆறுதல். என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. பார்க்காமலே சவரம் செய்யப் பழகிவிட்டேன்.

போன வாரம் தங்கை வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து அவர் என் வீட்டுக்கு வந்தார். நாங்கள் இருவர் மட்டும்தான். சொல்லியிருக்கலாம்.

"உங்க வேலையைச் சந்தேகப்பட்டு நான் கை வச்சிருக்கக் கூடாது மச்சான்" என்று தேம்பினார். "என்னை மன்னிச்சிடுங்க."

நான் கல்நெஞ்சன் இல்லை. அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, மன்னித்துவிட்டேன் என்றேன்.