ஏழாவதிலிருந்து ஆரம்பிக்கக் கூடாது

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் கடை மாடத்தில் இருக்கிற நரிச்சாமி மீது ஆணை. அது போதாதென்றால், இன்றுவரை பிரிக்காமல் வைத்திருக்கும் முதல் பதிப்பு கோரின்மரு பொம்மைப் பெட்டி மீதும் ஆணை. இரண்டாவது ஆணையை நான் லேசில் வைக்கிறவன் அல்ல. ஷிசுவோகாவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தேநீர் நன்றாக இருக்கிறது, கம்பாரா. சினிமாவில் போலீஸ்காரர்கள் விசாரிக்கும்போது பன்றிக்கறி வறுவல் சோறு வாங்கிக் கொடுப்பார்கள். உங்கள் தெருமுனைப் போலீஸ் சாவடியில் அந்த வழக்கம் இல்லை போலிருக்கிறது. பரவாயில்லை. நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகவே வந்திருக்கிறேன். இஷிகாயாவின் மகள் மிஸுஹோவை, கல்யாணத்தன்று மாப்பிள்ளை விட்டுவிட்டு ஓடிப்போனான் என்று கடைத்தெரு முழுக்கப் பேசுகிறார்கள். மீன்கடைக்காரி அந்தப் பெண்ணுக்கு இரண்டு துண்டு அதிகமாகப் போட்டுக் கொடுக்கிறாளாம், பரிதாபப்பட்டு. இது நியாயமில்லை. யாரும் ஓடவில்லை. மாப்பிள்ளையைப் பிடித்து என் கடை மாடியில் அடைத்து வைத்தவன் நான். அந்தப் பெண்ணை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் செய்தேன் என்பதை நிதானமாகச் சொல்கிறேன். கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

என் தொழில், ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பொம்மை விற்பது. இந்த ஊரில் பாதிப் பேர் அந்தப் பொம்மைகளுக்கு அச்சு வார்க்கிறார்கள், மீதிப் பேர் வாங்கி ஒட்டுகிறார்கள். என் கடையில் விற்பதில் முக்கால்வாசி கோரின்மருதான். என் தலை கருப்பாக இருந்த காலத்தில் தொலைக்காட்சியில் ஆரம்பித்த ராட்சத ரோபோ அனிமே அது. இன்னும் முடியவில்லை. இருபதுக்கு மேல் தொடர்கள், இடையிடையே சினிமாக்கள். ஒரு தொடரில் சிறுவனாக இருந்தவன் இன்னொன்றில் கிழவனாக வருவான், அதற்கடுத்ததில் அவன் பிறப்பதற்கு முந்தைய கதையைக் காட்டுவார்கள். அதனால் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். எதிலிருந்து ஆரம்பிப்பது?

முதல் தொடரிலிருந்து. இதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

ஆனால் பேசினார்கள். இஷிகாயா பேசினான். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் கடையில் வந்து உட்காருகிறவன். அவனைப் பொறுத்தவரை ஏழாவதுதான் வாசல். "மொதலாவத யாரு பாப்பாங்க? அந்த ரோபோ படுத்த எடத்துலேர்ந்து எந்திரிக்கிறதுக்குள்ள நான் ஹமமாட்சு போயிட்டுத் திரும்பிடுவேன்" என்பான். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. முதல் தொடரில் கோரின்மரு எழுந்து நிற்க மூன்று வாரம் ஆகும். முதல் வாரம் முழங்கால், அடுத்த வாரம் இடுப்பு. மூன்றாவது வாரம் அது நிமிர்ந்தபோது எங்கள் தெருவில் ஒருவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அவருடைய பத்து வருட முதுகுவலி அதோடு போனது. என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் விஷயம் வேறு. முதல் தொடரின் பொம்மை விற்கவில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவசர அவசரமாக முடித்த அந்தக் கடைசிப் பகுதியில், கூட இருந்தவனை வெளியே தள்ளிவிட்டுத் தான் உள்ளே நின்ற ரோபோ ஓட்டுநரின் வலது கை இரும்புக் கதவில் மாட்டித் துண்டாகும். ஏழாவது தொடரில் அதே ஆள் கிழட்டுத் தளபதியாக வருவார். இடது கையால் சர்க்கரை போடுவார், பாதி மேஜையில் கொட்டும். அவ்வளவுதான் காட்சி. ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்தக் கை எங்கே போனது என்று தெரிந்தவன் தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவான். தெரியாதவன் சிரிப்பான்.

இஷிகாயா சிரித்தான். என் கடையில் உட்கார்ந்து, என் தேநீரைக் குடித்துக்கொண்டு, தொடையில் தட்டிச் சிரித்தான். அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீர் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன இலையுதிர் காலத்தில், மிஸுஹோவைக் கட்டிக்கொள்ளப் போகும் மகிஹாரா கடைக்கு வந்தார். பல் செட் செய்கிற தொழிலாளி, நாற்பதை நெருங்குகிறவர், மிருதுவான குரல். வாசலிலேயே மூன்று தடவை குனிந்தார்.

"மாமனாரு ஏழாவது தொடரப் பாத்துட்டு வரச் சொன்னாருங்க. விருந்துல அதப்பத்தி நான் பேசணுமாம். ஏழாவது மட்டும் இருந்தா குடுங்க."

"ஏழாவதுலேர்ந்து பாக்கப் போறீங்களா?"

"அதான் சுருக்கமா முடியும்னு சொன்னாரு."

"கல்யாணத்த ஏழாவது வருஷத்துலேர்ந்து ஆரம்பிக்க முடியுமா, சொல்லுங்க" என்றேன்.

அவர் யோசித்தார். "முடிஞ்சா ரொம்ப நல்லா இருக்கும்" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு மனசு கனத்துப்போனது. அடிப்படையே தெரியாத மனிதர். இவரை இப்படியே விட்டால் விருந்தில் எழுந்து நின்று சர்க்கரைக் காட்சியைச் சொல்லிச் சிரிப்பார், இஷிகாயா கூடவே சிரிப்பான். பிறகு இவர்களுக்குப் பிள்ளை பிறக்கும். அதுவும் சிரிக்கும். ஒரு வம்சமே சிரிக்கும். எங்காவது ஓரிடத்தில் யாராவது தடுக்க வேண்டுமில்லையா?

"மேல வாங்க, முதல் பகுதிய மட்டும் பாத்துட்டுப் போங்க" என்றேன். அவர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு மாடி ஏறினார். அந்தக் காலணியை எடுத்து ஐந்தாவது தொடரின் பொம்மைப் பெட்டி ஒன்றில் போட்டு மூடினேன். ஐந்தாவதை யாரும் வாங்குவதில்லை, அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. காலணி இல்லாமல் ஒரு மனிதன் தெருவில் இறங்க மாட்டான் என்பது என் கணக்கு.

பிறகு கதவைச் சாத்தினேன்.

கட்டிப்போட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. மெத்தை போட்டேன். மெத்தை மெல்லிசாக இருக்கிறது என்றார், இன்னொன்று போட்டேன். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. கருப்புக் குழம்பில் வெந்த முள்ளங்கி, முட்டை, மீன் உருண்டை. மாலையில் ஆரஞ்சுப் பழம். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சிறைப்பட்டவர்களுக்குப் பசி எடுக்காது என்று எங்கோ படித்திருந்தேன். அது எழுதியவரின் கற்பனை.

கைபேசியைப் பிடுங்க வேண்டும் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். அதற்கு வேலையே இல்லாமல் போனது. "இது அடிச்சிக்கிட்டே இருக்கு, கீழ எங்கயாவது வச்சிருங்க" என்று அவரே கையில் கொடுத்தார். வேலை செய்யும் இடத்தில் தேடுவார்களே என்ற கவலையும் எனக்குத்தான் வந்தது. "அங்க நீண்ட விடுப்பு சொல்லியாச்சுங்க" என்றார். பொறுப்பான மனிதர். இப்படிப்பட்டவரைத்தான் அடைத்து வைத்தேன் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

முதல் தொடர் முழுவதும் நான் தொலைக்காட்சியிலிருந்து பிடித்த கேசட்டுகள். விளம்பரங்களையும் விடாமல் பார்க்க வைத்தேன். அன்றைக்கு விற்ற சோப்பு எது என்று தெரியாதவனுக்கு அன்றைக்குக் கதையில் விழுந்த குண்டு புரியாது. பக்கத்து வீட்டுப் பூனையும் வந்து உட்கார்ந்து பார்த்தது. மூன்றாம் தொடர் முடியும்வரை ஒரு பகுதி தவறவிடவில்லை. நான்காவதில் இயக்குநர் மாறினார், பூனை வருவதை நிறுத்திவிட்டது.

கை துண்டாகிற பகுதி வந்தபோது நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன். மகிஹாரா அழுதார். சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதார். பிறகு என்னிடம், "உள்ளயே நின்னுட்டாரே. வெளிய போயிருக்கலாம். கதவு தொறந்துதானே இருந்துச்சு?" என்றார்.

"அதான் கதையே" என்றேன்.

"ஆமா" என்றார். என் முறை பலிக்கிறது என்று அப்போது எனக்கு உறுதியானது.

கல்யாண நாள் வந்தது. பஞ்சாங்கத்தில் முழு நல்ல நாள். ஐந்தாவது தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் விட முடியாது. ஐந்தாவதைப் பாதியில் விட்டவர்கள் திரும்பி வந்ததில்லை. இருந்தாலும் மனிதாபிமானத்தோடு மேலே போய், "இன்னிக்குத்தான் நாளு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒலிய கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்றார்.

சற்று நேரத்தில் இஷிகாயா வந்தான். குலச்சின்னம் போட்ட கருப்பு உடுப்பு, முகமெல்லாம் வேர்வை.

"டேய் உசாமி, மாப்ளய பாத்தியா?"

"நான் பசை விக்கிறேன். மாப்ள விக்கல."

"வெளையாடாத. கோயில்ல பூசாரி காத்துக்கிட்டு நிக்கிறாரு. பொண்ணு வெள்ள உடுப்புல வண்டியில உக்காந்திருக்கு." அப்போது மாடியிலிருந்து கோரின்மரு கிளம்பும் சத்தம் வந்தது. குறைத்த ஒலியிலும் அந்தச் சத்தம் தெரியாமல் போகாது. "மேல என்ன?"

"டிவி."

"எத்தனாவது?"

"அஞ்சாவது."

"அஞ்சாவதா? அந்தக் குப்பையவா?" என்று இஷிகாயா உட்கார்ந்தான்.

அவன் மட்டும் அப்போது ஏழெட்டுப் படி ஏறியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி முடிந்திருக்கும். உட்கார்ந்தான். ஐந்தாவது இல்லாமல் ஆறாவதில் வரும் துரோகி யார் என்றே புரியாது என்று நான் சொன்னேன். ஆறாவதே தேவையில்லை என்றான் அவன். சின்னத் தகராறு பெரிதானது. தேநீர் ஊற்றினேன், குடித்தான். கருப்பு உடுப்பின் கைகளைச் சுருட்டி விட்டுக்கொண்டு, ஏழாவதின் முதல் சண்டையை என் கல்லாப்பெட்டி மேல் பசைக் குழாய்களை வைத்து எனக்கு விளக்கினான். தன் மகளின் கல்யாண நாளில் ஒரு மனிதன் இதைச் செய்வானா என்று நீங்கள் கேட்கலாம். எங்களைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

கடைசியில் மிஸுஹோவே வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். குடை மாதிரி விரிந்த அந்த வெள்ளை முக்காடு என் கடை வாசலுக்குள் நுழையவில்லை, பக்கவாட்டில் திரும்பி நுழைந்தாள்.

"அப்பா, மணி என்னன்னு தெரியுமா?"

"இதோம்மா, இவன் அஞ்சாவதுலேர்ந்து..."

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "உசாமி மாமா, அவரு இங்க வந்தாரா?"

"வரல" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே சத்தம் சட்டென்று நின்றது. அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு, "வந்தா ஒண்ணு சொல்லுங்க மாமா. ஏழாவதுக்கு அவரு வரவே வேணாம்" என்றாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் பக்கவாட்டில் திரும்பி வெளியே போனாள்.

இஷிகாயாவின் சொந்த மகளே ஏழாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் பாருங்கள். இத்தனை வருட வாதத்தில் எனக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடைத்ததில்லை. மேலே போய் மகிஹாராவிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, எனக்கு நெற்றி தரையில் படும்படி வணங்கினார். அவ்வளவு மரியாதை எனக்கு யாரும் செய்ததில்லை. அன்றைக்கு மூன்று முட்டை சாப்பிட்டார்.

புத்தாண்டுக்குச் சற்று முன்னால் கடைசி சினிமாவும் முடிந்தது. ஐந்தாவதின் பெட்டியைத் திறந்து காலணியை எடுத்து, துடைத்து, வாசலில் வைத்தேன். "இனிமே நீங்க போகலாம். எல்லாம் தெரிஞ்ச மனுஷன் ஆயிட்டீங்க" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "மறுபடியும் முதல்லேர்ந்து ஒரு தடவ பாக்கலாமா?" என்று கேட்டார்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. இரண்டாம் தடவை முதலிலிருந்து பார்க்கக் கேட்ட முதல் மனிதர். இப்போதும் மேலேதான் இருக்கிறார். கோரின்மருவின் இடுப்பு எழுகிற வாரம் நடந்துகொண்டிருக்கும்.

ஆக, குற்றம் இதுதான். ஒரு மனிதரை அவர் கல்யாணத்துக்குப் போகவிடாமல், அவர் விருப்பத்துக்கு மாறாக, பலவந்தமாக அடைத்து வைத்தேன். அவர் விரும்பிய பெண்ணிடமிருந்து அவரைப் பிரித்தேன். பழியை யாரும் மிஸுஹோ மீதோ அவர் மீதோ போட வேண்டாம். மீன்கடைக்காரிக்கும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் பேனாவை மூடிவிட்டீர்கள், கம்பாரா. மை தீர்ந்துவிட்டதா? சாவடிக்கு வரும் வழியில் என் கடை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன் என்கிறீர்கள், அதை முன்பே சொல்லியிருக்கலாம்.

"அந்த ரூமுக்கு எப்படித் தாத்தா பூட்டுப் போட்டீங்க?" என்று கேட்கிறீர்கள்.

பூட்டு கிடையாது. இழுத்துத் திறக்கிற கதவு, மரச்சட்டத்தில் காகிதம் ஒட்டியது.