சேர்ந்த தேதி

கும்மிடிப்பூண்டி ரயிலில் என் எதிரே ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி. பக்கத்தில் அவர் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆள், சின்ன வயசுக்காரன்.

"போன் நம்பரை மாத்தச் சொன்னா, ஆளையே அழிச்சிட்டியே நைனா. கேட்ல உள்ள வுடமாட்றான்."

"புது டேட்டாபேஸ்ண்ணா. நம்பரை மட்டும் மாத்துன்னு நான் அதுக்குச் சொல்லியிருக்கணும். நான் வெறும் நம்பரைக் குடுத்துட்டேன். அது உன் பதிவு மொத்தத்தையும் தூக்கிட்டு நம்பரை மட்டும் வெச்சிக்கினு நிக்குது."

"இப்ப இன்னா பண்ணப்போற?"

"புதுசா சேத்துடறேன்."

"சேந்த தேதி?"

"இன்னிக்குத் தேதிதான் வுழும்."

எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அவர் பொறுமையாகப் பழைய அடையாள அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"ஒம்போது வருசம். அடுத்த மாசம் பர்மனென்ட் பண்றாங்கோ. பேரைக்கூட அப்பால போடு. மொதல்ல இந்தத் தேதியைப் போடு."