வேங்கையின் வாளி

மகள்: “...எதிரியின் கரையில் புலியெனப் பாய்ந்த கடல் வேங்கையே!” அப்பா, புலியும் வேங்கையும் ஒண்ணுதானே? ஒரே வரியில எதுக்கு ரெண்டு?

அப்பா: பாராட்டு விழா எனக்கு. மன்றத் தலைவர் கைப்பட எழுதினது. ஒரு மிருகத்தையும் விரட்டாதே. சாயங்காலம் மேடையில அப்படியே படி.

மகள்: யுத்தத்துல அந்தக் கரையில நீங்க கால் வெச்சீங்களா?

அப்பா: ...கப்பல் வெச்சுது.

மகள்: டாங்கி இறங்குச்சு, சிப்பாய்ங்க இறங்கினாங்க. நீங்க?

அப்பா: கப்பலோட மூக்கே ரெண்டா பிளந்து கதவு திறக்கணும். நான் திறந்தாத்தானே அவங்க இறங்க முடியும்?

மகள்: அதைத்தான் நான் தனியா ஒரு பேச்சா எழுதியிருக்கேன். “அடி தட்டையான கப்பல். அலையில் தாம்பாளம் போல ஆடும். யுத்தம் முடியும்வரை அப்பாவுக்கு வாந்தி. ஒரு கையில் வாளி, மறு கையில்...”

அப்பா: ஷ்ஷ்! மெதுவா! அம்மா அடுத்த ரூம்ல சட்டைக்கு இஸ்திரி போடறா. ...வாளி கதையை எவன் சொன்னான்?

மகள்: யாரோ... தெரிஞ்சவங்க.

அப்பா: கூட இருந்தவன் ஒருத்தனும் இப்ப உயிரோட இல்லையே!

மகள்: குண்டு விழுது, குடலே வெளிய வர்ற மாதிரி இருக்கு, அப்பவும் கதவு ஒரு தடவைகூட பிசகல. வேங்கையைவிட இது பெரிசுப்பா.

அப்பா: உனக்குப் பெரிசு. உங்கம்மா கட்டிக்கிட்டது வேங்கையை. இத்தனை வருஷமா நான் பாய்ஞ்ச பாய்ச்சலைக் கேட்டவ, இன்னைக்கு முன்வரிசையில உக்காந்து வாளியைக் கேக்கணுமா? என் மானம் கப்பலேறிடும்மா.

மகள்: அது ஏறி ரொம்ப நாளாச்சே...

அம்மா: என்ன குசுகுசுப்பு? இந்தாங்க சட்டை. பதக்கம் நேரா இருக்கா பாருங்க.

அப்பா: ஒண்ணுமில்ல! பேச்சுப் பயிற்சி. படிம்மா... தலைவர் எழுதினதை.

மகள்: “எதிரியின் கரையில் புலியென...”

அம்மா: பஸ் வளைஞ்சா எலுமிச்சம்பழம் தேடற புலி!

அப்பா: அது... இப்ப வயசாயிடுச்சு...

அம்மா: ஏண்டி, வாளி எங்க?

மகள்: அப்பா வேணாங்கறார்மா.

அப்பா: வா... வாளியா?

அம்மா: கல்யாணத்துக்கு முன்னாடியே உங்க கப்பல் சமையல்காரர் எங்க வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிட்டுப் போயிட்டார். பாயறவன் எத்தனையோ பேர் கிடைப்பான். குடலைப் புரட்டினாலும் கதவை விடாத ஆளுன்னுதான் நான் சரின்னேன். இவகிட்ட சொன்னதும் நான்தான்... சட்டைப் பையில எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன். மேடை ஆடினா மோந்துக்குங்க.